"மூணுல ஒண்ணு, அக்கா": நிகழ்தகவும் புள்ளியியலும் டியூஷனில் புரிவது எப்படி?

கணக்கில் மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நிகழ்தகவுக்கு உண்டு. முக்கோணவியல் தொடங்கும் நாளில் சைன், காஸ் பற்றி எந்த மாணவருக்கும் முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் இருக்காது. ஆசிரியர் சொல்வதுதான் முதல் செய்தி. நிகழ்தகவு அப்படியில்லை. தாயக்கட்டை உருட்டியவர், கிரிக்கெட்டில் டாஸ் தோற்றவர், மழை வரும் என்று குடை எடுத்துப் போய் வெறுமனே திரும்பியவர் எல்லோருமே வாய்ப்பைப் பற்றி மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது பல நேரம் தப்புக் கணக்கு. பாடநூலின் சூத்திரம் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடியில் இருப்பது கலையாமல் கிடக்கிறது. தேர்வில் பழகிய கேள்வி வந்தால் சூத்திரம் கைகொடுக்கும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அடியில் கிடந்தது மேலே வந்துவிடும்.

தனிப்பயிற்சி, அதாவது டியூஷன், உதவுவது இந்த இடத்தில்தான். மாணவரின் தப்புக் கணக்கு அவர் வாயாலேயே வெளியே வர வேண்டும். வந்த இடத்திலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கு நேரமில்லை. நான்கு பேர் உட்காரும் திண்ணையில் நேரமுண்டு. ஆனால் நேரம் இருப்பதாலேயே அது நடந்துவிடாது. எப்போது நடக்கிறது, எப்போது நடப்பதில்லை என்று பார்ப்போம்.

இரண்டு நாணயங்கள்

ஒரு டியூஷன் காட்சி. சொல்லிக்கொடுப்பவர் கல்லூரியில் கணிதம் படிக்கும் பெண். எதிரே பத்தாம் வகுப்பு மாணவி.

"ரெண்டு காசைச் சேர்த்துச் சுண்டறோம். ஒண்ணு தலை, ஒண்ணு பூ விழறதுக்கு வாய்ப்பு எவ்வளவு?"

"மூணுல ஒண்ணு, அக்கா."

"எப்படிச் சொல்றே?"

"ரெண்டும் தலை விழலாம். ரெண்டும் பூ விழலாம். இல்லாட்டி ஒண்ணு தலை, ஒண்ணு பூ. மொத்தம் மூணுதானே? அதுல ஒண்ணு."

"சரி. அப்போ முப்பது தடவை சுண்டினா ஒண்ணு தலை, ஒண்ணு பூ எத்தனை தடவை வரணும்?"

"பத்து."

"நோட்டுல எழுதி வை. சுண்டிப் பாத்துடலாம்."

சுண்டுகிறார்கள். நேர்க்கோட்டுக் குறிகள் ஏறிக்கொண்டே வருகின்றன. இரண்டும் தலை 6, இரண்டும் பூ 8, கலந்து விழுந்தது 16.

"என்னக்கா, பதினாறு வந்திருக்கு?"

"நீதான் சொல்லணும். இந்தா, இப்போ ஒரு ரூபாக் காசு ஒண்ணு, அஞ்சு ரூபாக் காசு ஒண்ணு. எது எப்படி விழுதுன்னு சேர்த்தே எழுது."

"ஒரு ரூபா தலை, அஞ்சு ரூபா பூ. அடுத்தது... ஒரு ரூபா பூ, அஞ்சு ரூபா தலை. அட, இது வேற, அது வேறயா? அப்போ மொத்தம் நாலு. அதுல ரெண்டு நம்மளோடது. பாதி!"

அக்கா ஒரு தடவைகூட 'தப்பு' என்று சொல்லவில்லை. முதலில் காரணத்தைக் கேட்டார். பிறகு அந்தக் காரணம் சரியென்றால் என்ன நடந்தாக வேண்டும் என்று மாணவியையே கணிக்கச் சொன்னார். கணிப்பும் நடந்ததும் ஒத்துப்போகாததை அவள் கண்ணாலேயே பார்க்கவிட்டார். கடைசியில், மறைந்திருந்த வேறுபாடு தெரியும்படி நாணயங்களை மாற்றிக் கொடுத்தார். கூறுவெளி, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு, என்றால் என்ன, அதன் உறுப்புகள் ஏன் சமவாய்ப்பு உள்ளவையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு செய்திகளும் ஒரே மூச்சில் உள்ளே போயின.

வகுப்பில் இதே கேள்விக்கு விடை கரும்பலகையில் வந்துவிடும்: கூறுவெளியில் நான்கு உறுப்புகள், சாதகமானவை இரண்டு, ஆகவே 1/2. மாணவி எழுதிக்கொள்வாள். 'மூணுல ஒண்ணு' என்ற எண்ணம் எங்கும் போகாது. இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 12 வருவதற்கு வாய்ப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள். கூடுதல் 2 முதல் 12 வரை 11 விதமாக வரலாம், ஆகவே 1/11 என்பாள். உண்மையில் 36 விளைவுகளில் 12 வருவது ஒரே விதத்தில்தான். 7 வருவதோ 6 விதங்களில். நாணயம் முடிந்த கையோடு நல்ல டியூட்டர் இந்தப் பகடைக் கேள்வியைப் போடுவது இதற்காகத்தான். புரிந்தது இந்தக் கணக்கு மட்டுமா, இந்த வகைக் கணக்கா என்று அதில் தெரிந்துவிடும்.

அந்த மாணவி வெட்கப்பட ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் தாலம்பேர், 1754இல் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் நாணயச் சுண்டல் பற்றி எழுதியபோது, இரண்டு சுண்டல்களில் ஒரு தலையாவது விழும் வாய்ப்பை 3/4 என்பதற்குப் பதில் 2/3 என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே மூன்றே விளைவுகள் என்பது அவர் கட்சி. மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதை அவர் பார்க்கவில்லை. புத்திக்கூர்மை குறைவால் வரும் பிழை இல்லை இது. உள்ளுணர்வு தானாகச் சரியாகும் என்று விட்டுவைக்கவும் முடியாது.

ஐந்து தலை விழுந்த பிறகு

இன்னொரு பிடிவாதமான எண்ணம்: தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்துவிட்டது, ஆகவே அடுத்தது பூவாகத்தான் இருக்கும். சூதாட்டக்காரர்களின் பிழை என்று இதற்குப் பெயரே உண்டு. இதை வைத்திருப்பவரிடம் 'சார்பிலா நிகழ்ச்சிகள்' என்று வரையறையைச் சொன்னால் தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். ஏனென்றால் அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது: நீண்ட நாளில் தலையும் பூவும் சரிபாதி ஆகும் என்று பாடநூலே சொல்கிறதே, பூ வந்து ஈடுகட்டாவிட்டால் எப்படிச் சரிபாதி ஆகும்?

இந்தக் கேள்வி வெளியே வரும்போதுதான் பாடமே தொடங்குகிறது. விடை ஒரு சின்னக் கூட்டலில் இருக்கிறது. ஐந்து தலைக்குப் பிறகு இன்னும் 1,000 முறை சுண்டுங்கள். ஈடுகட்டல் எதுவும் இல்லாமல், சரியாகப் பாதி, 500 தலை விழுவதாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,005 சுண்டலில் 505 தலை, விகிதம் 0.5025. அந்த ஐந்து தலையை யாரும் ஈடுகட்டவில்லை. பெரிய எண்ணிக்கைக்குள் அது கரைந்துபோனது.

நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் குறித்துவைத்தவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 4,040 சுண்டலில் 2,048 தலை கண்டார். ஜான் கெர்ரிச் என்ற கணிதவியலர் இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் காவலில் இருந்த காலத்தில் 10,000 முறை சுண்டி 5,067 தலை என்று எழுதிவைத்தார். புள்ளியியலின் தந்தையருள் ஒருவரான கார்ல் பியர்சனின் கணக்கு 24,000 சுண்டலில் 12,012 தலை. மூன்றிலும் விகிதம் 0.5ஐ ஒட்டியே இருக்கிறது. ஒன்றிலும் சரிபாதி விழவில்லை. மாணவர் தம் முப்பது சுண்டலின் விகிதத்தை இவற்றின் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். சின்ன எண்ணிக்கையில் ஆட்டம் அதிகம், பெரிய எண்ணிக்கையில் ஆட்டம் குறைவு என்பது தானாகப் பிடிபடும். கருத்துக்கணிப்பில் 50 பேரைக் கேட்பதற்கும் 5,000 பேரைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதே செய்திதான்.

சிகாகோவில் நடந்த சோதனை

டியூஷனின் பலனைப் பற்றி உலகமெங்கும் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வு, தற்செயலாக, நிகழ்தகவுப் பாடத்தை வைத்தே நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஜோஆன் அனானியா, ஆர்தர் பர்க் இருவரும் 4, 5, 8ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு நிகழ்தகவும் நிலப்படக் கலையும் கற்பித்துப் பார்த்த முடிவுகள் அதில் இருந்தன. குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சுமார் 30 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு. இரண்டாவதற்கும் அதே அளவு வகுப்பு. ஆனால் இடையிடையே சிறுதேர்வு வைத்து, தவறிய இடத்தைத் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். மூன்றாவது குழுவுக்குத் தனி டியூட்டர். கூடவே அதே சிறுதேர்வும் திருத்தமும். மூன்று வாரங்களில் 11 பாடவேளைகள்.

முடிவு: டியூட்டரிடம் படித்த குழுவின் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 100க்கு 98 பேரை முந்தியிருந்தார். திருத்தம் மட்டும் கிடைத்த குழுவின் சராசரி மாணவர் 84 பேரை முந்தினார்.

இந்த 98, 84 எங்கிருந்து வந்தன என்பதே ஒரு புள்ளியியல் பாடம். புளூம் வித்தியாசத்தை மதிப்பெண்ணில் சொல்லவில்லை. திட்ட விலக்கத்தில் சொன்னார். பத்தாம் வகுப்பில் நாம் போடும் அதே சிக்மாதான். மதிப்பெண்கள் மணி வடிவப் பரவலில் இருந்தால், சராசரியைவிட ஒரு சிக்மா மேலே இருப்பவருக்குக் கீழே சுமார் 84 சதவீதம் பேர். இரண்டு சிக்மா மேலே இருப்பவருக்குக் கீழே சுமார் 98 சதவீதம் பேர். அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு 'இரண்டு சிக்மாச் சிக்கல்' என்ற பெயர் நிலைத்தது. தனி டியூட்டர் தரும் பலனை எல்லாக் குழந்தைக்கும் கட்டுப்படியாகிற விதத்தில் வகுப்பிலேயே தருவது எப்படி என்பதுதான் அவர் சொன்ன சிக்கல்.

இரண்டு சிக்மா என்ற எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. பாடம் குறுகியது, காலம் மூன்று வாரம், தேர்வும் அந்தப் பாடத்துக்கென்றே தயாரித்தது. இப்படி நெருக்கிப் பிடித்த சோதனையில் வித்தியாசம் பெரிதாகவே தெரியும். டியூட்டர் குழுவுக்குச் சிறுதேர்வும் திருத்தமும் சேர்ந்தே கிடைத்ததால், முழுப் பலனையும் டியூட்டரின் கணக்கில் எழுதவும் முடியாது. அதில் பெரும்பங்கு திருத்தத்துக்கும் உண்டு என்பதை இரண்டாவது குழுவே காட்டுகிறது. 2020இல் நிக்காவ், ஓரியோபொலஸ், குவான் ஆகியோர் குலுக்கல் முறையில் குழு பிரித்து நடந்த 96 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தனிப்பயிற்சியின் சராசரிப் பலன் 0.37 சிக்மா என்று வந்தது. 100 பேரில் நடுவில் நின்றவர் சுமார் 64 பேரை முந்தும் இடத்துக்கு வருகிறார் என்று பொருள். 98 அளவுக்கு மலைப்பாக இல்லாவிட்டாலும், பள்ளிக் கல்வியில் செய்துபார்த்த மற்ற பல முயற்சிகளோடு ஒப்பிட்டால் இது நல்ல பலன்தான்.

டியூட்டர் செய்வதில் எது வேலை செய்கிறது?

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் வான்லேன் 2011இல் செய்த ஒப்பீடு இதற்கு நல்ல துப்பு தருகிறது. மனித டியூட்டரின் பலன் 0.79 சிக்மா. கணினி டியூட்டர்களில் இரண்டு வகைகளை மட்டும் பார்ப்போம். கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்பவற்றின் பலன் 0.31. ஒவ்வொரு படியையும் பார்த்து, தடுக்கிய இடத்திலேயே குறிப்புக் கொடுப்பவற்றின் பலன் 0.76, மனிதருக்குக் கிட்டத்தட்ட சமம். ஆக, விடையைத் திருத்துவதற்கும் படியைத் திருத்துவதற்கும் இடையில்தான் பெரிய வித்தியாசம்.

பேச்சு யாருடையது என்பது அடுத்த துப்பு. மிஷலீன் சி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் டியூட்டர்களுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு விதித்தார்கள்: விளக்கம் சொல்லக் கூடாது, 'ஏன்?', 'இன்னும் சொல்லு', 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று தூண்ட மட்டும் செய்யலாம். பாடம் உடலின் இரத்த ஓட்டம். விளக்கமே கிடைக்காத மாணவர்கள், விளக்கம் கிடைத்தவர்கள் அளவுக்கே கற்றுக்கொண்டார்கள். டியூட்டரின் அழகான விளக்கத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சத்தை மாணவரின் திக்கித் திணறும் விளக்கத்துக்குக் கொடுக்கலாம்.

நிகழ்தகவுக்கு இவை இரட்டிப்பாகப் பொருந்தும். இயற்கணிதத்தில் பிழை பெரும்பாலும் தாளில் தெரியும்: குறி மாறியிருக்கும், அடைப்பு விட்டுப்போயிருக்கும். நிகழ்தகவிலோ தாளில் ஒரே ஒரு பின்னம்தான் இருக்கும். 1/3 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மாணவி மூன்று விளைவுகளையும் சமம் என்று நினைத்தாளா, கூறுவெளியை எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டாளா, கேள்வியையே வேறாகப் படித்தாளா என்று சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

திட்ட விலக்கம்: கை போடும் கணக்கும் தலை போடும் கணக்கும்

புள்ளியியலில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே சூத்திரம் நீளம், படிகள் அதிகம். சராசரி கண்டு, விலக்கம் கண்டு, வர்க்கம் எடுத்து, கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்து முடிக்கும்போது மாணவருக்கு மூச்சு வாங்கும். விடை 40.5 என்று வந்தால் அதன்கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். 40.5 எதைச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு மட்டையாளர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் ஐந்து ஆட்டங்கள்: 48, 50, 52, 49, 51. இன்னொருவர்: 0, 100, 10, 90, 50. இருவரின் சராசரியும் 50. யாரை நம்பி இறக்கலாம்? சூத்திரம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், 'நிலையாக ஆடுகிறாரா என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல நீயே ஒரு வழி கண்டுபிடி' என்று கேட்டால் பிள்ளைகள் பல வழிகளோடு வருவார்கள். ஒருவர் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பார். வீச்சைத் தாமே கண்டுபிடித்துவிட்டார். இன்னொருவர் ஒவ்வொரு எண்ணும் 50இலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எழுதிக் கூட்டுவார். கூட்டினால் பூச்சியம் வரும், முழிப்பார். அந்த முழிப்புதான் பொன்னான நேரம். கூட்டலும் கழித்தலும் அடித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்? குறியை விட்டுவிடலாம், அல்லது வர்க்கம் எடுக்கலாம். சூத்திரத்தில் வர்க்கம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று இனி அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். கணக்குப் போட்டால் முதல்வருக்கு 1.4, இரண்டாமவருக்கு 40.5.

இந்த வரிசைக்கு ஆதாரம் உண்டு. மனு கபூர் என்ற கல்வியியலாளர் சிங்கப்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு விலக்க வர்க்கச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் இப்படிக் கற்பித்துப் பார்த்தார். கால்பந்து வீரர்களில் யார் நிலையாகக் கோல் போடுகிறவர் என்பதை அளக்க வழி கண்டுபிடிக்கச் சொல்லி, அவர்கள் தட்டுத்தடுமாறிய பிறகே பாடம் நடத்தினார். அவர்களில் அநேகமாக யாரும் சரியான சூத்திரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் முதலிலேயே பாடம் கேட்டவர்களைவிடக் கருத்தைப் புரிந்துகொள்வதில் முந்தினார்கள். கணக்குப் போடுவதிலும் பின்தங்கவில்லை. 'பயனுள்ள தோல்வி' என்று இதை அழைக்கிறார் கபூர். தடுமாற்றத்துக்குப் பிறகு பாடம் வந்தாக வேண்டும் என்பது இதில் முக்கியம். தடுமாறவிட்டு அப்படியே விட்டால் தோல்வி மட்டும்தான் மிஞ்சும்.

கருத்து பிடிபட்டதா என்று பார்க்க நல்ல டியூட்டர் இப்படிக் கேட்பார்: வகுப்பில் எல்லோருக்கும் கருணை மதிப்பெண் 5 கொடுத்தால் திட்ட விலக்கம் என்ன ஆகும்? எல்லோர் மதிப்பெண்ணையும் இரட்டித்தால்? எல்லோரும் ஒன்றாக நகர்ந்தால் ஒருவருக்கொருவர் உள்ள தூரம் மாறாது, ஆகவே முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவதில் தூரமும் இரட்டிக்கும். இந்த இரண்டையும் கணக்குப் போடாமல் சொல்கிற பிள்ளைக்கு சிக்மா ஒரு தூரம் என்பது தெரிந்துவிட்டது.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுவது

பதினோராம் வகுப்பில் பேயிஸ் தேற்றம் வரும்போது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் திணறுவார்கள். ஒரு நோய் 100இல் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை, நோய் உள்ள 10 பேரில் 9 பேரைக் காட்டிக்கொடுக்கும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேரை நோயாளி என்று தவறாகச் சொல்லும். ஒருவருக்குச் சோதனையில் 'நோய் உண்டு' என்று வந்துவிட்டது. அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் விடை பெரும்பாலும் 90 சதவீதம்.

இங்கே டியூட்டர் செய்யக்கூடியது சூத்திரத்தை மூடிவைப்பது. 1,000 பேரை நிறுத்துங்கள். நோயுள்ளவர் 10 பேர். அவர்களில் 9 பேருக்குச் சோதனை 'உண்டு' என்னும். மீதி 990 பேருக்கு நோய் இல்லை. அவர்களிலும் சுமார் 89 பேருக்கு 'உண்டு' என்னும். ஆக 'உண்டு' என்று சீட்டு வாங்கியவர்கள் 98 பேர். உண்மையில் நோயுள்ளவர்கள் அவர்களில் 9 பேர். வாய்ப்பு சுமார் 9 சதவீதம். ஜெர்மன் உளவியலாளர்கள் கெர்ட் கிகெரென்சரும் உல்ரிக் ஹோஃப்ராகேவும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற தகவலைச் சதவீதமாகக் கொடுக்காமல் இத்தனை பேரில் இத்தனை பேர் என்று கொடுத்தபோது சரியாகச் சொன்னவர்கள் வெகுவாகக் கூடினார்கள். ஒரே கணக்கு, தாளில் வைக்கும் விதம்தான் வேறு. ஒரு மாணவருக்கு மரவரைபடம் பிடிக்கும், இன்னொருவருக்குப் பெட்டிக் கட்டம், வேறொருவருக்கு இப்படி ஆள் எண்ணுவது. எது பிடிபடுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வசதி டியூஷனுக்கு உண்டு.

உங்கள் பிள்ளையின் டியூஷனில் என்ன பார்க்கலாம்?

தமிழ்நாடு பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' எட்டாவது பாடம். கடைசிப் பாடமும் அதுதான். ஆண்டு முடியும் அவசரத்தில் எந்தப் பாடம் ஓட்டமாக ஓடும் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். டியூஷனிலும் அதே ஓட்டம்தான் என்றால், பழைய வினாத்தாள் கணக்குகளை இன்னொரு முறை எழுதிப் பார்த்ததற்குமேல் ஒன்றும் கிடைக்காது. மதிப்பெண்ணுக்கு அதுவும் உதவும், மறுக்க வேண்டியதில்லை. புரிதலும் வேண்டும் என்றால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில், யார் அதிகம் பேசுகிறார்கள்? ஒரு மணி நேரமும் சார் குரலே கேட்டால் அது இன்னொரு வகுப்பு. பிள்ளையின் குரலும், அதில் 'ஏன்னா' என்ற சொல்லும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கணக்குப் போடும் முன் கணிக்கச் சொல்கிறார்களா? விடை பாதிக்கு மேலே வருமா, கீழே வருமா என்று முதலில் சொல்லிவிட்டுப் போடும் பிள்ளை, நிகழ்தகவு 1.4 என்று வந்தால் உடனே நின்றுவிடும். கணிக்காத பிள்ளை அதற்கும் கீழே கோடு போடும்.

மூன்றாவது, நாணயம், பகடை, சீட்டுக்கட்டு, செய்தித்தாளில் வந்த மழை அளவு, சொந்த வகுப்பின் மதிப்பெண் என்று ஏதாவது மேசைக்கு வருகிறதா? சீட்டுக்கட்டை வீட்டில் பார்த்தே இராத பிள்ளைகள் பலர். 52 சீட்டில் முகச் சீட்டு எத்தனை என்பதை அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கட்டு வாங்கி விரித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை அது.

நான்காவது, வாரத்துக்கு ஒரு சிறுதேர்வு வைத்து, தவறிய இடத்தைத் திருத்தியபின்தான் அடுத்ததற்குப் போகிறார்களா? சிகாகோ சோதனையில் டியூட்டர் இல்லாமலேயே பலன் கொடுத்தது இதுதான். பெரிய பேட்சிலும் செய்யலாம். காசும் அதிகம் ஆகாது.

தனி டியூட்டர் வைக்க வசதியில்லாத வீட்டுக்கும் வழியுண்டு. மாணவர்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி பீட்டர் கோஹன், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் ஆகியோர் 1982இல் 65 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் மட்டுமின்றி, சொல்லிக்கொடுத்தவர்களும் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் பத்தாம் வகுப்புத் தங்கைக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தால் இருவர் கணக்கிலும் வரவு.

செய்யக் கூடாதது ஒன்று: வீட்டுப்பாடத்தை டியூஷனில் முடித்துக் கொடுப்பது. அடுத்த படி என்ன என்று தெரியாமல் பிள்ளை நிற்கும் அரை நிமிடம்தான் கற்றல் நடக்கும் நேரம். பரிதாபப்பட்டு அந்தப் படியைச் சொல்லிவிட்டால் கணக்கு முடியும், கற்றது முடியாது.

மதிப்பெண் ஏறியது டியூஷனாலா?

காலாண்டில் 38 வாங்கிய பிள்ளையை டியூஷனில் சேர்த்தோம், அரையாண்டில் 52 வந்தது. டியூஷன் பலித்துவிட்டது என்கிறோம். இருக்கலாம். ஆனால் பிள்ளையின் வழக்கமான மதிப்பெண் 55ஐ ஒட்டியது என்றால், 38 என்பது காய்ச்சலோ கடினமான வினாத்தாளோ தந்த சரிவு. டியூஷன் இல்லாமலும் அடுத்த தேர்வில் அது 55ஐ நோக்கித்தான் திரும்பியிருக்கும். மிகத் தாழ்ந்த அளவுக்கு அடுத்து வருவது சராசரியை நோக்கிப் போகும் என்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துக் காட்டினார். பொதுவாக மதிப்பெண் சரிந்தபிறகுதான் டியூஷனில் சேர்க்கிறோம். ஆகவே எந்த டியூஷனும் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

அதனால் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ஒரு வகுப்பில் சராசரி மதிப்பெண் 60, திட்ட விலக்கம் 0. அந்த வகுப்பைப் பற்றி என்ன சொல்லலாம்?" சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை, எண்கள் எங்கே என்று கேட்கும். "எல்லாருமே 60தான் வாங்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அது எப்படி என்று உங்களுக்கு விளக்கவும் செய்தால், கொடுத்த ஃபீஸ் வீணாகவில்லை.